கறுப்பு ஏறவில்லை, பதித்த துண்டு எழும்புகிறது: தோலுறை வேலையில் வரும் கோளாறுகளும் சரிசெய்யும் வழியும்

நான் செய்வது கவாத்துக் கத்தரிக்கோலுக்கும் கத்திக்குமான தோலுறைகள். இடுப்பு வாரில் கோத்துக்கொள்ளும் வகை. முகப்பில் வேறு நிறத் தோலை இலையாகவோ மாங்காயாகவோ வெட்டிப் பதிப்பேன். சாயத்துக்கு வேண்டியதெல்லாம் நாட்டு மருந்துக் கடையிலும் சமையலறையிலும் கிடைத்துவிடும். துப்பாக்கி உறைக்கும் தோல், சாயம், பதிக்கும் விதம் எல்லாம் இதேதான். ஆனால் அதில் விசை மூடும் இடமும் பிடிப்பின் இறுக்கமும் உயிர் சம்பந்தப்பட்டவை. அந்த வேலையைத் தெரிந்தவரிடம் நேரில் உட்கார்ந்து கற்றுக்கொண்டுதான் தொட வேண்டும்.

இந்த வேலையில் ஒரு கோளாறு கண்ணுக்குத் தெரியும் இடம் ஒன்று, அது பிறந்த இடம் வேறொன்று. பதித்த துண்டு எழும்பினால் பசையைத் திட்டுவோம். பார்த்தால் பசைக்கு முன்பே எண்ணெய் தடவியிருப்போம். கறுப்பு ஏறாவிட்டால் சாயத்தைத் திட்டுவோம். தோலில் துவர்ப்பே இருந்திருக்காது. அதனால் நான் பின்பற்றும் வரிசையை முதலில் சொல்லிவிடுகிறேன்: வெட்டுவது, சாயம், சாயத்தைக் கழுவி அமிலத்தைத் தணிப்பது, ஒரு நாள் முழுக்கக் காயவைப்பது, பதிப்பது, தைப்பது, ஈரப்படுத்தி வடிவம் வாங்குவது, மறுபடி காயவைப்பது, கடைசியில்தான் எண்ணெயும் மெழுகும். கீழே சொல்லும் கோளாறுகளில் பாதி இந்த வரிசை மாறியதால் வருபவை.

சாயக் குடுவையில் ஒரு வாரமாக எதுவுமே நடக்கவில்லை

இரும்பை வினிகரில் ஊறவைத்துத்தான் கறுப்புச் சாயம் எடுக்கிறோம். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைப் போட்டிருந்தால் ஒரு வாரமல்ல, ஒரு மாதம் காத்திருந்தாலும் பயனில்லை. அது துருப்பிடிக்காத எஃகு. காந்தம் ஒட்டுகிறதே என்று நம்ப வேண்டாம், துருப்பிடிக்காத எஃகிலும் காந்தம் ஒட்டும் ரகம் உண்டு. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பியும் ஆணியும்கூட ஆகாது.

எனக்குக் கைகொடுப்பது கட்டடக்காரர்கள் கம்பி கட்டப் பயன்படுத்தும் கட்டுக்கம்பி. மெல்லியது, வெறும் இரும்பு, எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். சோப்புத் தண்ணீரில் எண்ணெய் போகக் கழுவி, ஒரு கைப்பிடி அளவு சுருட்டி, அரை லிட்டர் வெள்ளை வினிகரில் போடுங்கள். மூடியை இறுக்காதீர்கள். உள்ளே ஹைட்ரஜன் வாயு கிளம்பும், இறுக்கினால் குடுவை வெடிக்கலாம். அதே காரணத்துக்காக அடுப்பங்கரையில் வைக்கவும் கூடாது. ஒன்றிரண்டு வாரத்தில் தயாராகிவிடும். பழைய துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். வடிகட்டாமல் விட்ட ஒவ்வொரு இரும்புத் துகளும் தோலில் ஒரு கரும்புள்ளியாக உட்காரும்.

இரும்பு எப்போதும் கொஞ்சம் மிச்சமிருக்க வேண்டும். முழுதும் கரைந்துவிட்டதென்றால் வினிகரின் புளிப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள், அது பின்னால் தோலைத் தின்னும். இன்னும் கொஞ்சம் கம்பி போட்டு வையுங்கள்.

வினிகர் இல்லாமலும் இதைச் செய்யலாம். காளஹஸ்தியிலும், நம் பக்கம் கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டை வட்டாரத்திலும் கலம்காரி வரைபவர்களின் கறுப்பு, துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் நாள்கணக்கில் புளிக்கவைத்து எடுப்பது. துணியை முதலில் கடுக்காய் நீரில் நனைத்துவிட்டு அதன்மேல் அந்த இரும்பு நீரால் எழுதுவார்கள். தோலில் நடப்பதும் அதே வேதியியல்தான். நான் இரண்டையும் செய்து பார்த்ததில் வெல்லக் கறுப்பு மெதுவாக ஏறுகிறது, ஆனால் தோலுக்கு அதிகம் இதமாக இருக்கிறது.

கறுப்பு ஏறாமல் சாம்பல் நிறத்தில் நிற்கிறது, அல்லது துரு நிறத்துக்குப் போகிறது

இரும்பு நீருக்குத் தனியாக நிறம் கிடையாது. தோலில் இருக்கும் துவர்ப்புச் சத்தோடு, அதாவது டானினோடு, சேரும்போதுதான் கறுப்பு பிறக்கிறது. கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்துச் செய்த அந்தக் காலத்துக் கடுக்காய் மையும் இப்படித்தான் கறுத்தது. ஆகவே முதல் கேள்வி: உங்கள் தோல் எதில் பதமானது?

ஒரு மூலைத் துண்டை வெட்டி, வெட்டு முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மரப்பட்டையில் பதமான தோல் உள்ளும் புறமும் ஒரே பழுப்பாக இருக்கும். குரோமில், அதாவது குரோமிய உப்பில், பதமானது பெரும்பாலும் நடுவில் நீலச் சாம்பலாகத் தெரியும். சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டு இரும்பு நீர் வைத்துப் பாருங்கள். பட்டைத் தோலில் அந்தச் சொட்டு முதலில் ஈரமாக மட்டும் தெரியும். பத்து எண்ணுவதற்குள் ஓரத்திலிருந்து ஊதா கலந்த சாம்பல் கிளம்பும். பிறகு நடுவை நோக்கி இருண்டுகொண்டே போய், ஒரு நிமிடத்தில் காக்கைச் சிறகு போல ஆகிவிடும். எத்தனை உறை செய்த பிறகும் அந்த ஒரு நிமிடம் எனக்கு அலுக்கவில்லை. குரோம் தோலில் அந்தச் சொட்டு அழுக்குத் தண்ணீராகவே காய்ந்துபோகும். தோலைக் கொளுத்திச் சாம்பலைப் பார்க்கும் சோதனை ஒன்றைச் சிலர் சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள், குரோம் தோலை எரித்தால் வரும் புகையும் சாம்பலும் நல்லதல்ல.

ஆவாரம் பட்டையில் ஊறவைத்துக் கடுக்காயில் நிறம் தெளியவைத்த தோல் நம் ஊருக்குப் புதிதில்லை. கிழக்கிந்தியத் தோல் என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கி, புவிசார் குறியீடும் பெற்றது அதுதான். திருச்சி, திண்டுக்கல் பக்கத்துப் பதனிடும் சாலைகள் அதற்குப் பேர்போனவை. ஆனால் அது பெரும்பாலும் மெல்லிய தோல், பதிக்கும் துண்டுக்கும் உள்பக்கத் தோலுக்கும் அருமையாக இருக்கும். உறையின் உடம்புக்கு 3 மில்லிமீட்டருக்குக் குறையாத விறைப்பான மாட்டுத் தோலோ எருமைத் தோலோ வேண்டும். சேணத் தொழில் நடக்கும் கான்பூரிலிருந்து வரும் கனமான பட்டைத் தோல் இதற்கு ஏற்றது. சென்னைக்காரர்களென்றால் பெரியமேட்டுக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். கேட்கும்போது "கறுப்புத் தோல் வேண்டாம், சாயமோ பூச்சோ ஏறாத வெஜ் டேன்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். பட்டையில் பதமான தோலைத்தான் கடையில் வெஜ் டேன் என்பார்கள். பூச்சு ஏறிய தோலில் எந்த வீட்டுச் சாயமும் உள்ளே இறங்காது.

தோல் பட்டையில் பதமானதுதான், இருந்தும் கறுப்பு மெலிந்து நிற்கிறது என்றால் துவர்ப்பு போதவில்லை. கொட்டை நீக்கிய கடுக்காய்த் தூள் 50 கிராமை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டுங்கள். தோலில் இரண்டு கை பூசி, முக்கால்வாசி உலரவிட்டு, அதன்மேல் இரும்பு நீரைப் பூசுங்கள். கடுக்காய் இல்லாத அவசரத்துக்குக் கெட்டியான தேயிலை டிகாக்‌ஷனும் ஆகும், பால் மட்டும் கலக்காதீர்கள்.

துரு நிறம் என்பது வேறு சங்கதி. அது இரும்பு நீர் பழசாகிக் காற்றுப்பட்டுச் செம்பழுப்பாகத் திரிந்ததால் வருவது, இல்லையென்றால் தேவைக்கு மேல் இரும்பு பூசியதால் வருவது. புதுக் கம்பி போட்டு இரண்டு நாள் வைத்தால் நீர் தெளியும். ஏற்கெனவே துரு படிந்த உறையைத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, கடுக்காய் நீர் ஒரு கை கொடுங்கள். பெரும்பாலும் கறுத்துவிடும்.

கறுப்பு அருமையாக வந்தது, ஆனால் மடித்தால் தோல் வெடிக்கிறது

இந்த ஒன்றுக்கு மருந்து கிடையாது. தடுப்பு மட்டும்தான் உண்டு. நான் கற்றுக்கொண்டது என்னுடைய முதல் பெரிய உறையில். இரண்டு வாரம் உட்கார்ந்து இலைக்கொடி பதித்த உறை அது. வார் கோக்கும் பகுதியைப் பின்னால் மடித்தபோது மேல்பரப்பு முழுக்க வறண்ட ஏரிக்கரை மாதிரி விரிசல் விட்டது. சாயம் நன்றாக ஏற வேண்டும் என்று இரும்பு நீரில் அரை மணி நேரம் முக்கி வைத்திருந்தேன். அதுதான் செய்த தவறு.

முக்காதீர்கள், பூசுங்கள். ஒரு கை பூசி, பத்து நிமிடம் விட்டு, வேண்டுமென்றால் மட்டும் இரண்டாவது கை. நிறம் வந்ததும் சுத்தத் தண்ணீரில் நனைத்த துணியால் நாலைந்து முறை துடைத்தெடுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடா கரைத்து ஒரே ஒரு முறை மேலே தடவி, உடனே மறுபடி சுத்தத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள். புளிப்பு தணிய அது போதும். சோடாவை அள்ளிப் போட்டால் காரம் ஏறி, தோல் வேறு விதமாகக் கெடும்.

வினிகரில் இரும்பு கரையக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் அன்னபேதியைக் கரைத்துப் பூசுபவர்கள் உண்டு. கறுப்பு ஒரு நொடியில் வரும், மறுக்கவில்லை. ஆனால் அது கந்தக அமிலத்தின் உப்பு. அந்த அமிலம் வினிகர் மாதிரி ஆவியாகிப் போகாது, தோலுக்குள்ளேயே தங்கி வருடக்கணக்கில் அரிக்கும். வெடிப்பு வந்தே தீரும். நான் அதைத் தோலில் தொடுவதே இல்லை.

விரிசல் இன்னும் விழவில்லை, விறைப்பு மட்டும்தான் என்றால் காப்பாற்றலாம். கொஞ்சம் ஈரப்பதம் இருக்கும்போதே விளக்கெண்ணெயைக் கையில் தேய்த்துச் சூடாக்கி, சதைப்பக்கத்தில் மெல்லிசாகப் பூசி இரவு விடுங்கள். மறுநாள் இன்னொரு முறை. ஒரேயடியாக ஊற்றினால் உறை தொளதொளவென்று ஆகி வடிவத்தை இழந்துவிடும்.

சாயம் திட்டுத் திட்டாக ஏறுகிறது

கைபட்ட எண்ணெய், பசைத் துளி, முதுகுப் பக்கத் தோலும் வயிற்றுப் பக்கத் தோலும் கலந்தது, இவை மூன்றும்தான் வழக்கமான காரணங்கள். வயிற்றுப் பகுதி தளர்வாக இருக்கும், அதிகம் குடிக்கும். முகப்பை எப்போதும் முதுகுப் பகுதியிலிருந்து வெட்டுங்கள். பூசுவதற்கு முன் தோல் முழுவதையும் ஈரத்துணியால் ஒரே சீராக நனைத்தாலே பாதித் திட்டு குறையும். பசை பட்ட இடத்தில் சாயம் ஏறவே ஏறாது, சாயம் முதலில் பசை பிறகு என்று வரிசை வைத்திருப்பது அதனால்தான்.

ஈரத் தோலில் திடீரென்று நீலக் கரும்புள்ளிகள் தெரிந்தால் அது இரும்பு. உங்கள் உளியிலிருந்தோ, மேசையில் கிடந்த அரத்தூளிலிருந்தோ வந்திருக்கும். எலுமிச்சைச் சாற்றைப் பஞ்சில் தொட்டு ஒற்றியெடுங்கள், மறைந்துவிடும். பிறகு தண்ணீரால் துடையுங்கள். வெளிர் நிறத்தில் விட நினைக்கும் உறைக்கு இரும்புக் கருவிகளைத் துடைத்து வைத்துவிட்டு உட்காருவதே நல்லது.

மஞ்சளும் சிவப்பும் நிற்கவில்லை

சமையல் மஞ்சள் பூசினால் முதல் நாள் கண்ணைப் பறிக்கும், வெயிலில் இரண்டு வாரத்தில் வெளுத்துப்போகும். அதிலும் சோடா நீர் பட்டால் குங்குமச் சிவப்பாகிவிடும். வெளியில் போகும் உறைக்கு மஞ்சளை நான் சிபாரிசு செய்வதில்லை. மாதுளைத் தோலைக் காய்ச்சி, லிட்டருக்கு 10 கிராம் படிகாரம் சேர்த்தால் கிடைக்கும் மங்கிய பொன் நிறம் அவ்வளவு பளிச்சென்று இருக்காது, ஆனால் அதைவிட நாள்பட நிற்கும்.

சிவப்புக்குப் பலரும் பதிமுகத்தைத் தேடுகிறார்கள், கேரளத்தில் குடிநீரில் போட்டுக் காய்ச்சுகிறார்களே, அந்தக் கட்டை. பாத்திரத்தில் ரோஜா நிறமாகத் தெரிவது தோலில் ஆரஞ்சாக இறங்கும். தோல் இயல்பிலேயே புளிப்புத்தன்மை உள்ளது, அந்தச் சாயமோ புளிப்பில் மஞ்சளுக்கும் காரத்தில் சிவப்புக்கும் மாறுவது. சோடா போட்டுச் சிவப்பை இழுக்கலாம் என்று முயன்றால் தோல்தான் கெடும். வெயிலிலும் அது வெளுக்கும். செம்பழுப்புதான் வேண்டுமென்றால் வெற்றிலைக் கடையில் கிடைக்கும் காசுக்கட்டியைக் கரைத்துப் பூசுங்கள், இல்லையென்றால் மருதாணி. மருதாணியின் நிறம் கையில் பிடிப்பது போலவே தோலிலும் பிடிக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: காசுக்கட்டி பூசிய இடம் துவர்ப்பு நிறைந்த இடம். அதன்மேல் ஒரு துளி இரும்பு நீர் தெறித்தாலும் கறுப்பு மச்சம் விழும்.

நீலத்தை விட்டுவிடுங்கள். அவுரித் தொட்டி காரமானது, தோல் அதைத் தாங்காது. நீலம் பதிக்க ஆசையென்றால் சாயமேற்றிய ஆட்டுத் தோல் துண்டைக் கடையில் வாங்கிப் பதிப்பதுதான் நேர்மையான வழி.

நிறம் சட்டையிலும் கையிலும் ஒட்டுகிறது

தோலுக்குள் பிடிக்காமல் மேலே நிற்கும் சாயம் அது. வெள்ளைத் துணியை நனைத்துத் துடையுங்கள், துணி சுத்தமாக வரும்வரை. எண்ணெயும் மெழுகும் அதற்குப் பிறகுதான். மெழுகு பூசி மறைத்துவிடலாம் என்று நினைத்தால், வியர்வை பட்ட முதல் நாளே வேட்டியில் கோடு விழும். தேன்மெழுகும் விளக்கெண்ணெயும் கலந்து உருக்கிய பூச்சு கடைசியில் ஒரு மெல்லிய கை போதும், பிறகு சணல் துணியால் சூடேறத் தேய்க்க வேண்டும்.

பதித்த துண்டின் விளிம்பு எழும்புகிறது

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி பதிப்பதுதான், அதிகம் கண்கலங்க வைத்ததும் அதுதான். நான் செய்வது ஜன்னல் முறை. முகப்புத் தோலில் வடிவத்தை ஜன்னலாக வெட்டியெடுத்து, பின்னாலிருந்து வேறு நிறத் துண்டை ஒட்டி, ஜன்னலைச் சுற்றித் தைப்பது. மேலேயே குழி பறித்துத் துண்டை உட்காரவைக்கும் முறையும் உண்டு. வளைகிற உறையில் அது சீக்கிரம் எழும்பும், ஆகவே புதிதாகத் தொடங்குபவர்கள் ஜன்னலோடு தொடங்குங்கள்.

எழும்பிய விளிம்பை நகத்தால் மெதுவாகத் தூக்கி, உள்ளே பசையைப் பாருங்கள். பசை ஒரு பக்கத்தில் மட்டும் பளபளவென்று படலமாக இருந்து, மறுபக்கம் சுத்தமாக இருந்தால் அந்தச் சுத்தமான பக்கத்தில் எண்ணெயோ மெழுகோ இருந்திருக்கிறது, அல்லது தோலின் வழவழப்பான மேல்பரப்பைச் சுரண்டாமலே ஒட்டியிருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் பசை இழை இழையாக இழுபட்டிருந்தால் காயும் முன் சேர்த்திருக்கிறீர்கள். செருப்புத் தைப்பவர்கள் சொல்யூஷன் என்று சொல்லும் ரப்பர் பசையை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை, பத்துப் பதினைந்து நிமிடம், பொறுக்க வேண்டும். பிறகு வைத்து, சுத்தியலின் உருண்டை முகத்தால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்ட வேண்டும். ஈரப் பசையில் சேர்த்தால் அதன் ஆவி வெளியேற வழியில்லாமல் உள்ளே குமிழ் கட்டும்.

பசை மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜன்னல் விளிம்பிலிருந்து 2 அல்லது 3 மில்லிமீட்டர் தள்ளி ஒரு சுற்றுத் தையல் இல்லாத பதிவேலை வியர்வையில் ஒரு கோடைக்குமேல் தாங்குவதில்லை.

மூலையில் கிழிந்து இடைவெளி விடுகிறதா? வெட்டும்போது கத்தி மூலையைத் தாண்டி ஓடியிருக்கும், அந்த நுனியிலிருந்துதான் கிழிசல் தொடங்கும். இலையின் நுனி மாதிரிக் கூரான மூலைகளில் முதலில் ஒரு சின்ன வட்டத் துளை போட்டுவிட்டு, துளை வரை மட்டும் வெட்டுங்கள். துளை 1 மில்லிமீட்டர் இருந்தாலே போதும், பார்வைக்குத் தெரியாது.

முகப்பில் துண்டின் ஓரம் வரப்பு மாதிரிப் புடைத்துத் தெரிந்தால், பின்னால் ஒட்டிய துண்டின் ஓரத்தை நீங்கள் சீவவில்லை. ஜன்னலைவிடச் சுற்றிலும் 6 மில்லிமீட்டர் பெரிதாக வெட்டி, அந்த ஓரத்தைக் கத்தியால் காகிதக் கனத்துக்குச் சீவிவிடுங்கள். முகப்புத் தோல் ஒன்றரை மில்லிமீட்டர், பதிக்கும் துண்டு 0.8 மில்லிமீட்டர் என்பது எனக்கு ஒத்துவரும் கணக்கு. அதற்குப் பின்னால் உறையின் கனத்த உடம்பு வரும்.

கறுப்பு கசிந்து வெளிர் துண்டு அழுக்கானது

ஈரப்படுத்தும்போது முகப்பில் மிச்சமிருந்த இரும்பு நகர்ந்து, பக்கத்துத் துண்டின் துவர்ப்பைத் தேடிப் போயிருக்கிறது. எலுமிச்சைச் சாறு கொஞ்சம் உதவும், முழுக்கப் போகாது. இதற்கு நான் கண்ட வழி, வெளிர் துண்டுக்கு மட்டும் குரோமில் பதமான ஆட்டுத் தோலை எடுப்பது. அதில் துவர்ப்பு இல்லை, இரும்பு வந்தாலும் அவ்வளவாகக் கறுக்காது. முதலில் குறையாகத் தெரிந்த குணம் இங்கே வேலைக்கு உதவுகிறது.

பதிக்கத் தோல் தேடும்போது சிலர் பாம்புத் தோல், உடும்புத் தோல் இருக்கிறது என்று சொல்லிக் காட்டுவார்கள். வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், அந்த உயிர்களுக்கும் நாம் செய்யும் கொடுமை. செதில் மாதிரியான தோற்றம் வேண்டுமென்றால் ஆட்டுத் தோலில் அச்சு வைத்தாலே அழகாக வரும்.

வடிவம் வாங்கும்போது பதிவேலை சுருங்கி நெளிகிறது

தோலை முக்கி எடுத்திருப்பீர்கள், அல்லது சூடான தண்ணீர் விட்டிருப்பீர்கள். பட்டைத் தோல் ஈரமாக இருக்கும்போது 70 டிகிரி சூட்டுக்கு மேல் போனால் சுருங்கி இறுகிவிடும், பிறகு அது தோல் அல்ல, கட்டை. குழந்தையைக் குளிப்பாட்டும் சூடுதான் எல்லை. பதித்த உறையைப் பின்பக்கத்திலிருந்து பஞ்சால் மட்டும் நனைத்து, அரை மணி நேரம் பிளாஸ்டிக் பையில் மூடிவைத்தால் ஈரம் சீராகப் பரவும். கத்தியைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி உள்ளே வைத்து, விரலாலும் எலும்புக் கரண்டியின் காம்பாலும் அழுத்துங்கள். நிழலில், காற்றாடிக்குக் கீழே, ஒரு நாள். வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் முந்திக்கொண்டு காயும்.

பதித்த இடம் கூர்மையான வளைவில் வரக்கூடாது. இதை வரையும்போதே முடிவு செய்ய வேண்டும், பிறகு செய்ய எதுவும் இல்லை.

கத்தி இறுக்கம், கத்தி தொளதொளப்பு, நூல் அறுவது

இறுக்கமென்றால் கத்திக்கு இன்னும் இரண்டு சுற்றுத் தாள் சுற்றி, உறையின் வாயை நனைத்து, இரவு உள்ளே வைத்து விடுங்கள். தொளதொளப்பென்றால் வாய்ப்பக்கத்தை மட்டும் நனைத்து, மெல்லிய ஒற்றைச் சுற்றுத் தாளோடு வைத்து மறுபடி அழுத்துங்கள்.

நூல் அறுவதை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள். கத்தியின் வாய் தையலில் படுகிறது, ஒரு நாள் அது உறையைக் கிழித்துக்கொண்டு தொடைக்கு வரும். இரண்டு தோலுக்கும் நடுவில் தையல் ஓரம் முழுக்க ஒரு தோல் பட்டையை வைத்துத் தைக்க வேண்டும், கத்தியின் வாய் அந்தப் பட்டையில் மோதும், நூலில் மோதாது. பட்டை இல்லாமல் தைத்த உறையைப் பிரித்துத் திரும்பத் தையுங்கள், வேறு வழி இல்லை. பருத்தி நூல் இரும்புச் சாயத்தில் நைந்துபோகும், மெழுகு பூசிய பாலியெஸ்டர் நூல் தாங்கும்.

உறைக்குள் துரு, பித்தளைக் குமிழில் பச்சை, மேலே வெள்ளை

துரு என்றால் உறை முழுக்கக் காயவில்லை, அல்லது கத்தி நாள்கணக்கில் உள்ளேயே இருந்திருக்கிறது. பட்டைத் தோலின் துவர்ப்பும் புளிப்பும் இரும்பைச் சும்மா விடாது. வேலைக்குப் போகும்போது உறை, வீட்டுக்கு வந்ததும் கத்தி வெளியே, தனியாக. பித்தளையில் படியும் பச்சை, மெழுகிலும் எண்ணெயிலும் உள்ள கொழுப்பு அமிலத்தால் வருவது. மூங்கில் குச்சியால் சுரண்டித் துடைத்து, அந்த இடத்தில் எண்ணெயைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைப் படிவம்தான் எல்லோரையும் குழப்புவது. ஐப்பசி மழையில் என் அலமாரியில் இருந்த ஆறு உறைகளிலும் ஒரே நாளில் அது தெரிந்தபோது, எல்லாம் பூஞ்சை என்று நினைத்து வினிகரால் துடைத்தேன். நான்கில்தான் பூஞ்சை. மற்ற இரண்டிலும் அது நான் பூசியிருந்த தேங்காயெண்ணெயின் கொழுப்பு, குளிரில் மேலே வந்து உறைந்திருந்தது. வேறுபாடு காண, முடி உலர்த்தும் கருவியால் லேசாகச் சூடு காட்டுங்கள். கொழுப்பு உருகி உள்ளே போய் மறைந்துவிடும். பூஞ்சை அப்படியே நிற்கும், பஞ்சு மாதிரியும் இருக்கும், மண் வாசனையும் அடிக்கும். பூஞ்சையென்றால் வெளியே எடுத்துப் போய்த் துலக்கி, வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்த துணியால் துடைத்து, நிழலில் இரண்டு நாள் காற்றாட விடுங்கள். கறுப்புச் சாயமேற்றிய முகப்பில் அந்தத் துணியை நன்றாகப் பிழிந்த பிறகே வையுங்கள், புளிப்புத் தண்ணீர் தேங்கினால் கறுப்பு மங்கும். அதன்பின் அலமாரியில் மூடி வைக்காமல், ஆணியில் மாட்டி வையுங்கள்.